இரண்டு கட்டை உயரம்

எனக்கு ஒரு இடத்தில் சும்மா உட்கார வராது. சாப்பிடும்போதுகூட நடுவில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். "ஒன் கால்ல சக்கரமா கட்டியிருக்குது?" என்று கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் கேட்பார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். அப்படிப்பட்டவளுக்குத் தரையில் சம்மணம் போட முடியவில்லையே என்று ஒரு கவலை வந்தது என்றால் தெரிந்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். முடிந்த காலத்தில் மட்டும் நான் எங்கே உட்கார்ந்தேன்?

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. பியூஸ் கட்டை, விளக்கு, கொலு சமயத்தில் பொம்மை. சூளை அவர் பொறுப்பு. மற்றதெல்லாம் என் பொறுப்பு என்று நான் சொல்லிக்கொள்வேன், அவர் மறுத்ததில்லை. போன மழைக்காலத்தில் ரயில்வே கேட் பக்கம் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தேன். எலும்பு உடையவில்லை. இடது முழங்காலும் இடுப்பும் வீங்கின, வடிந்தன, ஆனால் பழையபடி மடங்க மாட்டோம் என்று அடம்பிடித்தன. நடப்பேன், படியேறுவேன், வண்டியும் ஓட்டுவேன். தரையில் உட்காரப் போனால் மட்டும் இடது முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், உடம்பு பின்னால் சாயும். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம், தினமும் பயிற்சி செய்தால் போதும் என்றார். நான் செய்யவில்லை. நாற்காலி இருக்கிறது, ஸ்டூல் இருக்கிறது, தரை யாருக்கு வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

தை மாதம் மகளுக்கு நிச்சயமானது. கல்யாணம் ஆவணியில். நிச்சயம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போய், நாங்கள் மட்டும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்திருந்த என் பெரிய நாத்தனார் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, தாரை வாக்க நீ எப்பிடி ஒக்காருவ? அவ்ளோ நேரம் மணையில இருக்கணுமே. பேசாம சின்னவனும் அவன் பொண்டாட்டியும் ஒக்காந்து குடுக்கட்டும். சித்தப்பன் சித்தி குடுத்தா ஒண்ணும் தப்பில்ல."

"நான் நாற்காலி போட்டுக்கறன் அண்ணி" என்றேன்.

"மாப்ள கீழ மணையில, நீ மேல நாற்காலியிலயா? சம்பந்தி வூட்டுல என்னா பேசுவாங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எரிச்சலைக் கூட்டியது. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளைக்கு எதிரே பலகையில் உட்கார வேண்டும். அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, அப்பா பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துக் கொடுப்பார். கல்யாணத்தில் பெற்றவளுக்கென்று இருக்கிற வேலை அந்த ஒரு சொம்புத் தண்ணீர்தான். மற்றபடி அவள் காபி வந்ததா, பந்தி ஆச்சா என்று ஓடிக்கொண்டிருப்பவள். பெற்றது நான், ஊற்றுவது என் ஓரகத்தியா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆறிப்போன காபி.

அடுத்த வாரமே யோகா வகுப்பில் சேர்ந்தேன். பாலக்கரை பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடி. சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எல்லோரையும் ஆன்ட்டி என்று கூப்பிட்டாள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆவணிக்குள் சம்மணம் போட்டாக வேண்டும் என்று சொன்னேன். "போட்ரலாம் ஆன்ட்டி" என்றவள், அலமாரியிலிருந்து சாமான்களை இறக்க ஆரம்பித்தாள்.

செங்கல் மாதிரி மரக்கட்டைகள், நீளமான திண்டு, பெல்ட்டு, நாலாக மடித்த ஜமக்காளம். சுவரோரம் இரண்டு கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, மேலே ஜமக்காளத்தைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். தூக்கிக்கொண்டு நின்ற இடது முழங்காலுக்கு அடியில் திண்டைச் செருகினாள். முதுகைச் சுவரோடு சாய்த்தாள். பொம்மைகளை வெளியூருக்கு அனுப்பும்போது நாங்கள் அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணித்து அடைப்போம், ஆடாமல் இருக்க. அப்படித்தான் என்னை அடைத்து வைத்தாள்.

"இப்ப கண்ண மூடி மூச்ச மட்டும் கவனிங்க."

மூச்சு இருக்கட்டும், கேஸ் சிலிண்டர் மாற்றச் சொன்னோமே, மாற்றினார்களா? இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை வெயிலில் வைத்தது யார், நிழலில் அல்லவா வைக்க வேண்டும்? கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி பெயருக்கு முன்னால் போடுகிற எழுத்து ஒன்றா இரண்டா? ஜங்ஷனில் ஏதோ ஒரு ரயில் கூவியது. எந்த ரயில் என்று யோசித்தேன். கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். முள் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை.

"ஆன்ட்டி, கால் கட்டை விரல் ஆடுது."

"அது அப்பிடித்தான் ஆடும்."

பக்கத்தில் மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பாய் வீட்டம்மா இருந்தார். என்னைவிட மூத்தவர். ஜவுளிக்கடைக் குடும்பம், மகன்கள் துபாயில். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லா ஆசனத்தையும் செய்வார். நாற்காலியில் செய்வதற்கு ஆசனம் எதற்கு என்று நான் மனதுக்குள் நினைத்ததை முகத்தில் படித்துவிட்டார் போலிருக்கிறது. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது சொன்னார்: "நான் நாற்காலியில ஒக்காந்துதான் தொழுவுறன். அல்லா வேணாம்னு சொல்லலியே. ஒனக்கு என்னா வெக்கம்?"

"எனக்கு வெக்கமெல்லாம் இல்லீங்க. அவசரம்" என்றேன். வெட்கமும்தான் இருந்தது. கால்கட்டு மாதிரி அந்தக் கட்டைகளைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை.

வீட்டிலும் காலை மாலை உட்கார்ந்து பழகச் சொன்னாள் டீச்சர். கட்டைக்கு எங்கே போவது? எங்கள் ஊர்க்காரிக்குக் கடையில் போய் வாங்கத் தோன்றுமா? அச்சில் ஊற்றி எடுத்தால் ஆயிற்று. பியூஸ் கட்டைக்கு வைத்திருந்த களிமண் கூழையே பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, காயவைத்து, சுட்டு, அழகாகப் பச்சை மெருகு கொடுத்து இரண்டு கட்டை செய்தேன். உள்ளே கூடாக, வெளியே பளபளவென்று, டீச்சருக்கே ஒரு ஜோடி கொடுக்கலாம் என்று நினைக்கும்படி வந்திருந்தது. கூடத்தில் வைத்து உட்கார்ந்தேன். மொசைக் தரை, மெருகு போட்ட கட்டை. ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடிப்போய் பிரிட்ஜில் இடித்தது. நான் மல்லாந்து கிடந்தேன். மகள் ஓடி வந்தாள். பார்த்தவுடன் பயந்தாள், பிறகு சிரித்தாள், பிறகு உட்கார்ந்து சிரித்தாள். "அம்மா, பூமிக்கே கிளேஸ் போட்டியா நீ?" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. ஓடிப்போன கட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். மறுநாள், எங்களுக்கு அச்சுப்பெட்டி செய்து தருகிற ஆசாரியிடம் சொல்லி, வேப்பமரத்தில் இழைத்த இரண்டு கட்டைகள் கொண்டு வந்தார். "இந்தா" என்று கூடத்தில் வைத்தார். அன்றைக்கு நிச்சயத்தின்போது வாயைத் திறக்காத மனுஷன் கட்டை கொண்டு வந்து தருகிறாராம். கட்டைகளைச் சுவரோரம் தள்ளி வைத்தேன்.

பங்குனி போய், சித்திரை வெயில் வந்தது. முழங்கால் கொஞ்சம் இறங்கியது. திண்டு போய், அதன் இடத்தில் மடித்த துண்டு போதும் என்றானது. ஆனால் கட்டை மட்டும் போகவில்லை. "கட்டைய எப்ப எடுப்பீங்க?" என்று தினமும் கேட்டேன். "அவசரப்படாதீங்க ஆன்ட்டி" என்று தினமும் சொன்னாள்.

அப்போது யூனிட்டில் நடனமாடும் பெண் பொம்மைக்கு ஆர்டர் வந்திருந்தது. ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பாள். பச்சை மண்ணில் அந்தக் கையைச் சும்மா விட்டுச் சூளைக்கு அனுப்பினால், சூட்டில் மண் இளகித் தொங்கிவிடும். அதனால் கைக்குக் கீழே ஒரு முட்டுக் கொடுத்து அனுப்புவோம். அதையும் பொம்மையின் மண்ணிலேயே செய்ய வேண்டும், அதுவும் பச்சையாக. வேகும்போது பொம்மை சுருங்கும், முட்டும் கூடவே சுருங்கும், கை நின்ற இடத்தில் நிற்கும். புதிதாக வந்த ஒருத்தி தெரியாமல் சூளைக்கல் துண்டுகளை முட்டாக வைத்துவிட்டாள். ஏற்கெனவே வெந்த சூளைக்கல் சுருங்குமா? பொம்மை கீழே இறங்க, கல் அப்படியே நிற்க, அத்தனை பெண்களுக்கும் கை போனது. அவளைத் திட்டக்கூட எனக்கு நேரமில்லை.

நல்லபடியாக வெந்து வந்த பொம்மைகளில் அந்த முட்டுகளை லேசாகத் தட்டினால் கழன்று வந்துவிடும். நடுவில் ஒட்டாமலிருக்க ஒரு வெள்ளைப் பொடி தூவியிருப்போம். ஒரு நாள் பூராவும் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். டக், டக். ஒவ்வொருத்தியும் கையை நீட்டிக்கொண்டு தானாக நின்றாள். எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது. வெந்த பிறகு முட்டு எதற்கு? நானும்தான் மாதக்கணக்கில் வெந்தேனே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கட்டைகளை ஓரமாகத் தள்ளினேன். வெறும் தரையில் உட்கார்ந்து, மேலே நின்ற முழங்காலைக் கையால் பிடித்துக் கீழே அழுத்தினேன். இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன். உள்ளே ஏதோ இழுத்துப் பிடித்தது. கத்திவிட்டேன்.

ஒரு வாரம் கட்டிலில். சும்மா படுக்கவும் வராதவளுக்கு அது ஜெயில். யூனிட்டுக்குப் போன் போட்டுப் போட்டு எல்லோர் உயிரையும் வாங்கினேன். நாத்தனார் வந்து பார்த்துவிட்டுப் போனார். "நான் அப்பவே சொன்னன்ல" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். தலையைத் தடவிவிட்டு, "சின்னவன் பொண்டாட்டி கிட்ட எதுக்கும் தயாரா இருக்கச் சொல்லியிருக்கறன்" என்றார்.

வகுப்புக்குத் திரும்பிப் போனபோது டீச்சர் முதல்முறையாக என்னிடம் கோபப்பட்டாள். "ரெண்டு கட்டை மேல ஒக்காந்தா எவ்ளோ நேரம் வேணும்னாலும் ஒங்களால ஒக்கார முடியுது. கட்டையில்லன்னா ஒரு நிமிஷம். ஒங்களுக்கு எது வேணும் ஆன்ட்டி?"

"கட்டையில்லாம எவ்ளோ நேரம் வேணும்னாலும்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பாய் வீட்டம்மா நாற்காலியிலிருந்தபடியே சிரித்தார்.

ஆனாலும் அவள் சொன்னது உறைத்தது. ஆடி முழுக்கக் கட்டை மேல்தான் உட்கார்ந்தேன். உள்ளே கொதித்துக்கொண்டேதான். மணவறையில் இரண்டு கட்டையைக் கொண்டுபோய்ப் போட்டு, அதற்கு மேல் ஜமக்காளத்தை விரித்து, ஊரே பார்க்க அடுக்கு மேல் ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அவர் பக்கத்தில் பலகையில் இருப்பார், நான் அவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பேன். சம்பந்தி வீட்டார் போட்டோவில் அதைக் காலத்துக்கும் பார்ப்பார்கள். அதற்கு ஓரகத்தியே உட்காரலாம்.

ஒருநாள் காலையில் பார்த்தால் கட்டைகளைக் காணோம்.

"எங்க என் கட்டை?"

"ஆசாரி பாத்துட்டுத் தரேன்னான்" என்றார் அவர்.

"இவ்ளோ நாள் இல்லாம இப்ப என்னா பாக்கறது? ஒரு வேளை பழகலன்னாலும் கால் இறுகிக்கும்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"சாயங்காலம் வந்துரும்."

அன்றைக்குத்தான் கேட்டேவிட்டேன். ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்ததை. "அன்னிக்கு ஒங்க அக்கா சொன்னப்ப ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, இல்லக்கா அவதான் ஒக்காருவான்னு சொன்னீங்களா? காபிய ஆத்திக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. ஒங்களுக்கும் நான் ஒக்காந்தா அசிங்கமா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தானைப் போட்டு முடித்தார். "சூளை வெக்கணும், போயிட்டு வரேன்" என்று போய்விட்டார். இப்படி ஒரு மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று சுவரிடம் சொன்னேன். சாயங்காலம் கட்டைகள் வந்து இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டன. அவரிடம் நான் கல்யாண வேலையைத் தவிர வேறு பேசவில்லை.

முகூர்த்த நாள் வந்தது. பழமலைநாதர் கோயிலுக்குப் பக்கத்து மண்டபம். காலையிலிருந்து நான் ஓடிய ஓட்டத்தில் முழங்காலே எனக்கு நினைவில்லை. மகளுக்கு ஜடை சரியாக நிற்கவில்லை, மாலை கட்டியவன் ஒன்றைக் குறைத்துக் கொண்டு வந்துவிட்டான், மாப்பிள்ளையின் பாட்டனாருக்குச் சர்க்கரையில்லாத காபி. ஓரகத்தி அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு மணவறை ஓரத்தில் நின்றாள். என்னைப் பார்த்ததும் நெளிந்தாள். "அக்கா, நீங்கதான் ஒக்காரணும். முடியலன்னா மட்டும்தான்..." பாவம், அவள் என்ன செய்வாள். ஜமக்காளத்துக்குள் சுற்றிய கட்டைகளை நான் மணமகள் அறையில் அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்திருந்தேன். எடுப்பதா வேண்டாமா என்று முடிவாகவில்லை.

"பொண்ணப் பெத்தவங்க வாங்கோ" என்று ஐயர் குரல் கொடுத்தார்.

போனேன். வெறும் பலகையில் உட்கார்ந்து கத்துவதா, கட்டையை எடுத்துவரச் சொல்லி அதன் மேல் உட்கார்ந்து சிரிப்பு வாங்குவதா, ஓரகத்தியை அனுப்புவதா? மணவறைப் படியில் ஏறும்வரை அதுதான் ஓடியது. ஏறிப் பார்த்தேன்.

நாலு பலகை கிடந்தன. மண்டபத்துப் பலகை இல்லை, புது மரம், மேலே மாக்கோலம். மாப்பிள்ளைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, எதிரே எங்களுக்கு இரண்டு. நாலும் ஒரே உயரம். இரண்டு கட்டைகளை நிற்க வைத்த உயரம். ஆறு மாதம் அதன் மேல் உட்கார்ந்தவளுக்கு அளவு பார்க்க டேப்பா வேண்டும்?

அவர் ஏற்கெனவே தன் பலகையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஐயர் குனிந்து பார்த்தார். "என்ன, பலகையெல்லாம் இவ்வளவு ஒசரமா இருக்கு? ஸ்டூல் மாதிரின்னா இருக்கு."

"எங்க வூட்டு வழக்கம் சாமி" என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. எங்கள் கல்யாணத்தில் நான் உட்கார்ந்த பலகை தரையோடு தரையாக இருந்தது. பின்னால் நின்றிருந்த நாத்தனாரை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பலகையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார்.

"ஆமாஞ்சாமி, எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்பிடித்தான்" என்றார். சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, "ஒங்க பக்கம் கெடையாதா?" என்று வேறு கேட்டார். அந்தம்மா, "எங்க பக்கம் கொஞ்சம் தாழ்வா இருக்கும்" என்று மரியாதையாகச் சொன்னார்.

உட்கார்ந்தேன். முழங்கால் தன் இடத்துக்கு வந்து, பட்டுப் புடவைக்குள் மறைந்துகொண்டது. மந்திரம் நீண்டது. புகை கண்ணைக் கரித்தது. பந்தியில் சாம்பார் வாளியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது, எழுந்து போகவில்லை. கால் கட்டை விரல் மட்டும் புடவைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. ஐயர் சொன்னதும் சொம்பைச் சாய்த்தேன். தண்ணீர் அவர் கையில் விழுந்து, என் மகள் கையில் விழுந்து, மாப்பிள்ளை கையில் விழுந்தது. சொம்பு காலியான பிறகும் கொஞ்ச நேரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தேன். "போதும்மா" என்று மகள் மெல்லச் சொன்னாள்.

"எழுந்துக்கலாம்" என்றார் ஐயர்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்க எனக்கு ஏதாவது பிடிமானம் வேண்டும். வகுப்பில் சுவரைப் பிடித்து எழுவேன். இங்கே எதைப் பிடிப்பது?

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். தம்பியைப் பார்த்துக் கையை நீட்டினார். "டேய், ஒரு கை குடுறா. முட்டி புடிச்சிக்கிச்சு." எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார். கொழுந்தனார் ஓடி வந்து அவரைத் தூக்கினார். "வயசாயிருச்சுண்ண" என்று யாரோ கேலி செய்தார்கள். "ஆயிருச்சுப்பா" என்று முனகிக்கொண்டே, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்து நின்றவர், தம்பியின் கையை விடாமல், இன்னொரு கையை என்னிடம் நீட்டினார்.

தினமும் சூளைக்குள் குனிந்து புகுந்து, தட்டுத் தட்டாகப் பொம்மை அடுக்கிவிட்டு வெளியே வருகிற மனுஷன். முந்தின நாள் மாலைதான் பந்தல்காரனோடு சேர்ந்து ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"நடிக்காதீங்க" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"பேசாம எழுந்திரு" என்றார்.

அந்தக் கையைப் பிடித்து எழுந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, தேம்பித் தேம்பி அழுதேன். பெண்ணைக் கொடுத்துவிட்ட அழுகை என்று சம்பந்தியம்மா வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.